அடுப்பில் வந்து விழுந்த பீரங்கிக் குண்டு... தெரியுமா?

போரை வேடிக்கை பார்க்கக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு, தெரியுமா?

1861 ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை. வாஷிங்டனிலிருந்து சுமார் 25 மைல் தள்ளி, புல் ரன் என்ற ஓடைக்கரை. நாடாளுமன்ற உறுப்பினர்கள், பத்திரிகைக்காரர்கள், சீமாட்டிகள் என்று ஒரு கூட்டமே குதிரை வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியது. கூடையில் சாப்பாடு, கையில் நாடகக் கொட்டகைக்குக் கொண்டுபோகும் தொலைநோக்கி! சாயங்காலத்துக்குள் வடக்குப் படை தோற்று ஓட, ஓடிய சிப்பாய்களும் வேடிக்கை பார்க்க வந்த வண்டிகளும் ஒரே சாலையில் முட்டிக்கொண்டன. ஆல்ஃபிரட் ஈலி என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தெற்குப் படையிடம் சிக்கி, கிட்டத்தட்ட ஆறு மாதம் ரிச்மண்ட் சிறையில் கிடந்தார்.

ஜெயித்தது யார்? பாதி வெற்றி ரயிலுக்குத்தான் சேரும். தெற்குத் தரப்புக்குத் துணைப்படை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரயிலேறி நேராகப் போர்க்களத்துக்கே வந்து இறங்கியது. நடந்து வந்திருந்தால் சண்டை முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்திருக்கும்.

அதே நாளில், அதே களத்தில், ஜூடித் ஹென்றி என்ற எண்பது வயது தாண்டிய விதவை படுத்த படுக்கையாகத் தன் வீட்டில் கிடந்தார். வீட்டருகே எதிரிகள் மறைந்து சுடுகிறார்கள் என்று வடக்குப் பீரங்கிகள் அந்த வீட்டைக் குறிவைத்தன. பாட்டி போய்விட்டார். அவர் யாருக்கு என்ன செய்தார்? வீடு இருந்த இடம் சரியில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு வீட்டுக்காரர் கதையைக் கேளுங்கள். அதே ஊர்ப்பக்கத்தில் வில்மர் மக்லீன் என்பவரின் பண்ணை வீட்டைத் தெற்குத் தளபதி பியூரிகார்ட் தன் முகாமாக்கிக்கொண்டார். மூன்று நாள் முன்பு நடந்த சிறு மோதலில் ஒரு பீரங்கிக் குண்டு நேரே அடுப்பில் விழுந்து தளபதியின் சாப்பாட்டைக் கெடுத்தது! போதுமடா சாமி என்று மக்லீன் பிற்பாடு நூறு மைலுக்கு மேல் தள்ளி, அப்போமேட்டக்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். சர்க்கரை வியாபாரம் பார்த்தார். 1865 ஏப்ரல் 9 அன்று தெற்குத் தளபதி லீ, வடக்குத் தளபதி கிராண்டிடம் சரணடைந்தது எங்கே தெரியுமா? மக்லீன் வீட்டுக் கூடத்தில்! முடிந்ததும் அதிகாரிகள் மேசை நாற்காலிகளை நினைவுப் பொருளாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய சின்ன மகளின் துணிப் பொம்மையைக்கூட விடவில்லை.

சரி, சிப்பாயின் கையில் என்ன இருந்தது? பிரெஞ்சு அதிகாரி மினியே பெயரால் வழங்கும் மெத்தென்ற ஈயக் குண்டு. அடிப்பக்கம் குழிவு. சுடும்போது அந்தக் குழிவு விரிந்து குழாயின் உள்ளே இருக்கும் சுழல் வரிகளைக் கவ்வும். குண்டு சுழன்றுகொண்டே குறி தப்பாமல் போகும். எலும்பில் பட்டாலோ எலும்பு உடையாது, தூளாகும். தூளானதை ஒட்டவைக்க முடியுமா? கையையோ காலையோ எடுக்க வேண்டியதுதான்.

அந்தத் துப்பாக்கியைக் கெட்டிப்பது பெரும்பாடு. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேண்டும் (அதனால்தான் படையில் சேர முன்பற்கள் அவசியம்!). மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டை உள்ளே விட்டு, கம்பியால் இடித்து, பின்னால் சிறு செம்புக் கேப்பைப் பொருத்தி, பிறகுதான் சுட முடியும். தேர்ந்தவன் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான். வாயெல்லாம் கரிமருந்து, தாங்க முடியாத தாகம். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்திலிருந்து 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தன. ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று குண்டுகள். ஒரு துப்பாக்கிக்குள் மட்டும் 23! பக்கத்தில் இருப்பவன் கத்துவதே கேட்காத இரைச்சலில், தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல் ஒருவன் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பயமா, குழப்பமா, சுட மனமில்லையா? யார் கண்டது!

மயக்க மருந்து கொடுக்காமல் வாயில் தோலைக் கடிக்கவைத்துக் காலை அறுத்தார்கள் என்று சினிமாவில் காட்டுவதை நம்பாதீர்கள். பெரும்பாலான அறுவைகள் குளோரோஃபார்ம் அல்லது ஈதர் கொடுத்தே நடந்தன. இல்லாமல் போனது கிருமி பற்றிய அறிவு. மருத்துவர் லிஸ்டர் கிருமிநாசினி முறையை வெளியிட்டது 1867-ல்; போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து! அதுவரை ஒரே ரம்பம், ஒரே கத்தி, அடுத்த ஆள்.

உயிரிழந்தவர்கள் 6,20,000 பேர் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2011-ல் வந்த மதிப்பீடு ஏழரை லட்சம் என்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், சண்டையில் ஒருவர் செத்தால் நோயில் இருவர் செத்தார்கள். சீதபேதி, டைபாய்டு, தட்டம்மை! தனித்தனிப் பண்ணைகளில் வளர்ந்து அம்மையே போடாத கிராமத்துப் பையன்களை ஆயிரக்கணக்கில் ஒரே முகாமில் அடைத்தால் வேறென்ன நடக்கும்?

ஜேம்ஸ் ஹேங்கர் என்ற 18 வயதுப் பையன் படையில் சேர்ந்த ஓரிரு நாளில், 1861 ஜூன் 3 அன்று, பீரங்கிக் குண்டுக்கு ஒரு காலைப் பறிகொடுத்தான். வீடு திரும்பி மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பீப்பாய்ப் பலகையைச் செதுக்கித் தனக்கே ஒரு கால் செய்து, ஒரு நாள் படியிறங்கி வந்து நின்றான்! அவன் தொடங்கிய செயற்கைக் கால் தொழில் இன்றைக்கும் அவன் பெயரிலேயே நடக்கிறது. 1866-ல் மிசிசிப்பி மாநிலம் தன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கைக் கை கால்களுக்கே செலவிட்டது என்றால் பாருங்கள்.

துப்பாக்கியைத் தொடாதவர்களையாவது போர் விட்டதா? 1862 செப்டம்பர் 17. ஆண்டீட்டம் என்ற இடத்தில் ஒரே நாளில் சுமார் 23,000 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். அதே நாள், போர்க்களத்துக்கு வெகு தூரத்தில், பிட்ஸ்பர்க் அலகனி ஆயுதச் சாலை வெடித்தது. 78 பேர் பலி. பெரும்பாலோர் தோட்டா சுற்றிய இளம்பெண்கள். குண்டையும் மருந்தையும் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கட்ட மெல்லிய விரல் வேண்டும், கூலியும் குறைவாக இருக்க வேண்டும்! வெளியே கல்பாவிய சாலையில் சிந்திக்கிடந்த மருந்தில் குதிரை லாடமோ வண்டிச் சக்கரமோ உரசிப் பொறி பறந்தது என்றே பலர் நம்பினார்கள். சிவகாசிச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னும் கேளுங்கள்! வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். வடக்கு நினைத்தால் லண்டனில் வாங்கலாம். அங்கே குவிந்திருந்தது பெரும்பாலும் நம் பீகார், வங்காளப் பக்கத்து வெடியுப்பு. 1861 இறுதியில் ஒரு கப்பல் தகராறில் பிரிட்டன் அதை அனுப்பாமல் நிறுத்தி வைக்க, அமெரிக்கா அந்தக் கப்பலிலிருந்து பிடித்து வைத்திருந்தவர்களை விட்ட பிறகே சரக்கு நகர்ந்தது. துறைமுகங்கள் முற்றுகையில் கிடந்த தெற்கு என்ன செய்தது? அலபாமாவின் செல்மா நகரில், வீட்டுச் சிறுநீரைக் கொட்டாமல் சேர்த்து வையுங்கள், பீப்பாய் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்று பெண்களுக்குப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள்! அதிலிருந்து வெடியுப்பு காய்ச்சினார்கள்.

விக்ஸ்பர்க் நகர மக்களோ 1863-ல் 47 நாள் முற்றுகையில் மண்குகைக்குள் குடித்தனம் நடத்தினார்கள். மஞ்சள் களிமண் மேடுகளில் 500-க்கும் மேற்பட்ட குகைகள், பெரும்பாலும் அடிமைகள் தோண்டிக் கொடுத்தவை. உள்ளே கட்டில், கம்பளம், கண்ணாடி. சாப்பாட்டுக்குக் கோவேறு கழுதைக் கறி. பத்திரிகை அச்சிடக் காகிதம் தீர்ந்ததும் சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டார்கள்! ஜூலை 2 இதழில், 4-ம் தேதி இங்கே விருந்து சாப்பிடப் போகிறாராமே கிராண்ட், முயலைப் பிடித்தால்தானே சமைக்க முடியும் என்று கேலி. 4-ம் தேதி நகரம் விழுந்தது. உள்ளே வந்த வடக்குச் சிப்பாய்கள் அதே அச்சுக்கட்டையின் அடியில், முயல் பிடிபட்டது என்று சில வரி சேர்த்து அச்சடித்து விட்டார்கள்.

அதே வருடம் ஏப்ரல் 2 அன்று தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் ரொட்டிக்காகப் பெண்கள் கோடரியும் கத்தியுமாகக் கடைகளை உடைத்தார்கள். தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் ஒரு வண்டிமேல் ஏறி, பையிலிருந்த சில்லறையை வாரி இறைத்தார். பிறகு கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்றார். கூட்டம் கலைந்தது. பசியும் கலைந்ததா என்ன?

இந்த நெருப்பு கடல் தாண்டியும் சுட்டது. அமெரிக்கப் பருத்தி நின்றதால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் மூடிக்கிடந்தன. 1862 முடிவில் சுமார் ஐந்து லட்சம் பேர் நிவாரணத்தை நம்பியிருந்தார்கள். லிவர்பூல் சந்தையின் பார்வை இந்தியப் பஞ்சுமேல் திரும்பியது. விலை பல மடங்கு எகிற, நம் கரிசல் சீமையின் 'டின்னவெல்லி' பஞ்சும் தூத்துக்குடியில் கப்பலேறியது. 1865-ல் போர் நின்றது, விலை சரிந்தது, பம்பாயில் பங்குகளை வாங்கிக் குவித்தவர்கள் திவாலானார்கள். அமெரிக்காவில் 40 லட்சம் அடிமைகள் விடுதலையானதும் அந்தப் போரால்தான். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தப் போரின் கடைசி ஓய்வூதியம் எப்போது நின்றது, தெரியுமா? முதலில் தெற்கிலும் பிறகு கட்சி மாறி வடக்கிலும் சேர்ந்த ஒரு சிப்பாய்க்கு, அவருடைய 83-வது வயதில், 1930-ல் ஒரு மகள் பிறந்தார். அமெரிக்க அரசு அந்த மகளுக்கு மாதாமாதம் 73 டாலர் 13 சென்ட் கொடுத்து வந்தது. அவர் இறந்தது 2020-ல்.