பழைய ஸ்டீரியோ ரிசீவர்: 12,000 ரூபாய்க்கு வாங்கினேன், 24,000 ஆச்சு!

நம்ம வீடியோக்கள்ல என் பின்னாடி ஷெல்ஃப்ல ஒரு வெள்ளிக் கலர் பெட்டி தெரியுமே, அதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறோம். அது 1970-கள்ல ஜப்பான்ல தயாரான ஸ்டீரியோ ரிசீவர். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயரை இணைக்கிற வசதி எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள இருக்கும். அப்பா வாங்கின பதினஞ்சு எல்.பி. ரெக்கார்டுகள் பரண்ல சும்மா கிடந்தது. அதைக் கேட்கணும்னுதான் ஆன்லைன்ல பார்த்து இதை 12,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

முதல் நாளே புகை

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைச் சொருகி ஆன் பண்ணேன். பத்து செகண்ட்ல கருகின வாசனை, அப்புறம் புகை. மெக்கானிக் அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன். அவர் பெட்டியைத் திறக்கவே இல்ல. திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"ன்னு கேட்டார். அங்கே 100 வோல்ட்னு இருந்தது. ஜப்பான்ல வீட்டு கரண்ட் 100 வோல்ட்தான், நம்ம ஊர்ல 230. ஃபியூஸ் போயிருந்தா செட் தப்பிச்சிருக்கும். ஆனா பழைய ஓனர் ஃபியூஸுக்குப் பதிலா கம்பியைச் சுத்தி வச்சிருந்தார்.

பவர் டிரான்ஸ்பார்மர் காலி, மெயின் கெப்பாசிட்டர்களும் காலி. சரி பண்ண மொத்தம் 12,000 ஆகும்னு சொன்னார்.

செய்யலாமா, விட்டுடலாமா?

இங்கேதான் நிறைய பேர் மாட்டுவோம். "ஏற்கெனவே 12,000 போட்டாச்சே, இப்ப விட முடியுமா?"ன்னு மனசு சொல்லும். இதைத்தான் சங்க் காஸ்ட்னு சொல்றாங்க. போன காசு போனதுதான், அதைக் கணக்குல சேர்க்கவே கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இனிமே போடப் போற 12,000-க்கு என்ன கிடைக்கும்?

விசாரிச்சேன். அதே மாடல், நல்லா ஓடுற செட், 20,000-க்குப் போய்க்கிட்டிருந்தது. 12,000 செலவு பண்ணா எனக்கு அது கிடைக்குது, அதனால சரின்னு சொன்னேன். ரிப்பேர் 22,000 ஆகும்னு சொல்லியிருந்தா, பார்ட்ஸ் விலைக்குத் தள்ளிவிட்டுட்டு வந்திருப்பேன்.

என் செலவுக் கணக்கு

- ரிசீவர்: ₹12,000
- டிரான்ஸ்பார்மரை 230 வோல்ட்டுக்கு ரீவைண்டிங்: ₹4,500
- கெப்பாசிட்டர், ரிலே, டயல் பல்பு: ₹2,800
- கூலி: ₹4,000
- வால்யூம் குமிழ், சுவிட்ச் சுத்தம் பண்ற ஸ்ப்ரே: ₹700
- மொத்தம்: ₹24,000

20,000 ரூபாய் பொருளுக்கு 24,000 செலவு. பின்னாடி இருந்த ஒரு வரியைப் படிக்காம விட்டதுக்குக் கட்டின ஃபீஸ் இது. ஆனா புகை வராம இருந்தாலும் இந்த லிஸ்ட்ல பாதி வந்திருக்கும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வருஷக்கணக்குல உள்ளே காஞ்சு போகும், சுவிட்ச் கறுத்துப் போகும், குமிழைத் திருப்பினா கரகரன்னு சத்தம் வரும். "ஒர்க்கிங் கண்டிஷன்"னு விக்கிறவர் சொன்னாலும், சர்வீஸ் செலவைச் சேர்த்துத்தான் விலையைப் பாருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

1. பின்பக்கம் வோல்ட்டேஜைப் படிங்க. ஜப்பான் செட் 100, அமெரிக்க செட் 120. இதுக்கெல்லாம் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேணும், அந்தக் காசையும் சேர்த்துக்கோங்க. சில ஏற்றுமதி மாடல்ல வோல்ட்டேஜ் மாத்துற சுவிட்ச் இருக்கும். அது எதுல நிக்குதுன்னு பாருங்க.

2. முதல் தடவை ஆன் பண்ணும்போது, சரியான வோல்ட்டேஜ்ல, சீரிஸ் பல்பு வழியா கரண்ட் கொடுக்கச் சொல்லுங்க. பழைய குண்டு பல்புதான் வேணும், எல்.இ.டி. ஆகாது. பல்பு ஒரு நொடி எரிஞ்சு மங்கினா நல்லது. பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா உள்ளே ஷார்ட்.

3. ஸ்பீக்கரை உடனே மாட்டாதீங்க. ஸ்பீக்கர் முனையில டி.சி. வோல்ட்டேஜ் பார்க்கச் சொல்லுங்க. மில்லிவோல்ட் கணக்குல இருந்தா பயமில்ல. வோல்ட் கணக்குல வந்தா ஸ்பீக்கர் கருகும்.

4. வாட்டுக்கு மயங்காதீங்க. 1978-ல வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட். நம்ம ஹாலுக்கு 30 வாட்டே தாராளம். பெரிய வாட்னா வாங்குற விலை, ரிப்பேர் செலவு ரெண்டுமே ஏறும்.

ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவங்க மூடியைத் திறக்க வேண்டாம்.

ரெக்கார்டுல மிச்சம், ஊசியில செலவு

பழைய ரிசீவர்ல ஒரு லாபம் இருக்கு. ரெக்கார்டு ஊசியிலிருந்து வர்ற சிக்னல் ரொம்பச் சின்னது, அதைப் பெருக்க ஃபோனோ ஸ்டேஜ் வேணும். இன்னிக்கு வர்ற பல ஆம்ப்ளிஃபயர்ல அது கிடையாது, தனியா வாங்கணும். 70-கள் ரிசீவர்ல பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்.

ஆனா ஊசியில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. தேஞ்ச ஊசி ரெக்கார்டோட பள்ளத்தையே அரிச்சிடும், அப்படிப் போன பாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தாத்தா காலத்து 78 வேக அரக்குத் தட்டு இருந்தா, அதுக்கு அகலமான ஊசி தனியா வேணும். எல்.பி. ஊசியை அதுல வைக்காதீங்க.

அப்ப இது முதலீடா?

இல்லவே இல்ல. இது பொழுதுபோக்குச் செலவு. எமர்ஜென்சி ஃபண்ட், இன்ஷூரன்ஸ் ரெண்டும் முடிச்ச பிறகு, மாசம் 1,000 ரூபாய் தனியா ஒதுக்குங்க. எனக்கு ஆன மொத்தச் செலவு அப்படிப் பார்த்தா ரெண்டு வருஷச் சேமிப்பு. வாங்குறதுக்கு முன்னாடியே உச்சவரம்பை ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அதைத் தாண்டினா நிறுத்திடுங்க.

செட் ரிப்பேராகி வந்த அன்னிக்கு அப்பாதான் முதல் ரெக்கார்டை வச்சார். ஒரு பக்கம் முடியிற வரைக்கும் யாரும் போனைத் தொடல. அந்த இருபது நிமிஷத்துக்கு நான் விலை போடல. ஆனா 4,000 ரூபாய் ஃபீஸை நீங்களும் கட்ட வேண்டாமேன்னுதான் இதை எழுதினேன்.

உங்க வீட்டுப் பரண்ல என்ன செட் இருக்கு? பின்பக்கம் என்ன வோல்ட்டேஜ்னு பார்த்துட்டு, கீழே கமெண்ட்ல சொல்லுங்க!