விசிறி நின்றால் என்ஜின் காலி!
ஓசூர் எல்லையில் "புகை" விடும் பழைய கார்கள்
கோளாறை கண்டுபிடிப்பது எப்படி?

ஓசூர்,

மாலை 6 மணி. ஜூஜுவாடி எல்லை. முன்னால் லாரி, பின்னால் கம்பெனி பஸ், பக்கத்தில் நூறு ஸ்கூட்டர். நடுவில் ஒரு பழைய மாருதி 800. வண்டி நகரவில்லை. ஆனால் மீட்டரில் வெப்ப முள் மட்டும் மேலே, மேலே போகிறது!

அடுத்த நிமிடம் பானெட்டில் இருந்து குபுகுபு என்று வெள்ளைப் புகை. குழந்தைகள் அலறுகின்றன. "தீப்பிடிச்சிருச்சா?" என்று கூட்டம் கூடுகிறது.

தீ அல்ல. அது நீராவி. என்ஜினை குளிர வைக்கும் ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை. அவ்வளவுதான்!

அவ்வளவுதான் என்று விட்டு விட்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

ரோட்டில் ஓடும்போது சமர்த்து!

கிருஷ்ணகிரியில் புறப்பட்டு குருபரப்பள்ளி வரை இந்த வண்டி சமர்த்தாக வரும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் எதிர்காற்றே ரேடியேட்டரை குளிர வைத்து விடுகிறது. விசிறிக்கு வேலையே இல்லை. அது கெட்டுப் போனதே தெரியாது.

மேலுமலை, சூளகிரி ஏற்றத்தில்தான் முதல் அடையாளம் தெரியும். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஆள் நிறைய ஏற்றி லாரிக்கு பின்னால் ஊர்ந்தால் என்ஜினுக்கு சூடு அதிகம், காற்று குறைவு.

அதற்கு அப்புறம் ஜூஜுவாடி, அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசல். நின்ற வண்டிக்கு காற்று எங்கே? விசிறி ஒன்றுதான் கதி!

2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வரி செக்போஸ்ட்டுகள் போய் விட்டன. ஆனால் நெரிசல் போகவில்லை.

அம்பாசடருக்கு பெல்ட்; மாருதிக்கு கரண்ட்

அம்பாசடர் காரில் விசிறியை என்ஜினே பெல்ட் போட்டு சுற்றும். பெல்ட் தளர்ந்ததா, அறுந்ததா என்று பார்த்தால் போதும்.

1983 டிசம்பர் 14-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியை வழங்கினார். அந்த காரில் விசிறி ஓடுவது பேட்டரி கரண்டில். தண்ணீர் சூடானால் ஒரு சின்ன சுவிட்ச் அதை தட்டி விடும். சூடு தணிந்தால் நிறுத்தி விடும்.

2014-ல் மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் நின்றது. ஆனால் சிப்காட் தொழிலாளி வீட்டு வாசலிலும், கடைக்காரர் வாசலிலும் இன்றும் அந்த வண்டிகள் நிற்கின்றன.

பட்டறையில் கேட்ட பேச்சு

பட்டறைகளில் தினம் கேட்கும் பேச்சு இது:

"அண்ணே, காலையிலதான் தண்ணி ஊத்தினேன். மறுபடி கொதிக்குது!"

"தண்ணி இருக்கட்டும் சார். பேன் சுத்துதா, பார்த்தீங்களா?"

"அதை பார்க்கலியே!"

பார்க்க வேண்டியது அதைத்தான். என்ஜின் ஆறி இருக்கும்போது தண்ணீர் அளவை பாருங்கள். பிறகு வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட விடுங்கள். முள் பாதியை தாண்டியும் விசிறி சுற்றவில்லையா? உடனே என்ஜினை நிறுத்தி விட்டு சோதனையை தொடங்கலாம்.

முதலில் பியூஸ்: எரிந்திருந்தால் அதே ஆம்பியர் பியூஸ் போடவும். சிகரெட் பெட்டி ஜரிகைத்தாள், கம்பி சுற்றினால் ஒயரே எரியும். புது பியூசும் போனால் மோட்டார் இறுகி இருக்கலாம்.

இரண்டாவது மோட்டார்: விசிறி பிளக்கை கழற்றி பேட்டரியில் இருந்து நேராக கரண்ட் கொடுக்கவும். சுற்றவில்லை என்றால் மோட்டார் அவுட். சுற்றினால் மோட்டார் நிரபராதி!

மூன்றாவது பேன் சுவிட்ச்: கார்புரேட்டர் வண்டியில் பேன் சுவிட்சின் ஒயரை கழற்றி, இரண்டு முனை என்றால் அவற்றை இணைக்கவும். ஒற்றை ஒயர் என்றால் என்ஜின் இரும்பில் தொடவும். சாவி போட்ட நிலையில் விசிறி ஓடினால் குற்றவாளி சுவிட்ச்தான். ஓடாவிட்டால் ரிலே, ஒயர், எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டி உள்ள வண்டியில் இந்த வேலை வேண்டாம், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சிலர் டாஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து விசிறியை "டைரக்ட்" செய்து விடுகிறார்கள். ரிலே இல்லாமல் இழுத்தால் ஒயர் உருகும். போட மறந்தால் என்ஜின் போகும். அணைக்க மறந்தால் காலையில் பேட்டரி காலி!

விசிறி ஓடுது, ஆனாலும் கொதிக்குது!

இது இன்னொரு வேடிக்கை. மோட்டார் மாற்றும்போது ஒயர் இடம் மாறினால் விசிறி தலைகீழாக சுற்றும். காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளும்.

சோதனை சுலபம். விசிறி ஓடும்போது ரேடியேட்டர் முன்னால் ஒரு காகிதத்தை காட்டுங்கள். ஒட்டிக் கொண்டால் சரி. பறந்தால் ஒயரை மாற்ற வேண்டும்.

காகிதம் ஒட்டியும் கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் வால்வு, வாட்டர் பம்ப் என்று தேட வேண்டும். போர் தண்ணீர் ஊற்றினால் கெட்டிலில் படிவது போல உள்ளே உப்பு படியும். கூலண்டை, காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுவதே நல்லது.

மூடியை தொடாதே!

புகை வந்ததும் பலர் செய்யும் முதல் தப்பு, துணியை சுற்றி ரேடியேட்டர் மூடியை திறப்பது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியை தாண்டி இருக்கும். திறந்த நொடியில் முகத்தில் பீறிடும். ஆஸ்பத்திரிதான்!

ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாக திறந்து விடுங்கள். கொஞ்சம் சூடு அந்த வழியே வெளியேறும். இடது ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். பானெட்டை திறந்தாலும் விசிறி பக்கம் கை வேண்டாம்; சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் திடீர் என்று சுற்றும். நன்றாக ஆறும் வரை மூடியை தொடக்கூடாது. கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

"வீடு பக்கம்தானே, ஓட்டிரலாம்" என்று மிதித்தால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். அப்புறம் என்ஜினை இறக்க வேண்டியதுதான்.

ஓரம் கட்டினால் அரை மணி நேரம் தாமதம். வீட்டில் சோறு ஆறிப் போகும். பரவாயில்லை; என்ஜினும் ஆறட்டும்!