வெந்நீர் ஹீட்டருக்குத் தனி லைன் வேண்டும்

கடைக்கு மேலேயே குடியிருக்கும் வணிகர்கள் நம்மில் பலர். கீழே பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் காலிச் சாக்குக் கட்டும். மேலே பிள்ளைகளோடு குடும்பம். விடியற்காலையில் கடை திறக்க வேண்டியிருப்பதால் குளியலறைக்கு ஹீட்டர் வாங்குகிறோம். நான்கு கடை ஏறி விலை கேட்கிறோம். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஹீட்டரின் மேல் உள்ள சீட்டில் வாட் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைத்துவிடும். வட்டிக் கணக்கைவிட எளிது. தொட்டி வைத்த ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட். ஏறக்குறைய 9 ஆம்பியர். குழாயைத் திறந்ததும் வெந்நீர் தரும் சிறிய இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3,000 வாட், 13 ஆம்பியர். உருவத்தில் சிறியதுதான் அதிகம் இழுக்கிறது. 4,500 வாட்டிலும் வருகிறது. அது 20 ஆம்பியரை நெருங்குவதால் 16 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது. இங்கிலாந்தில் ஷவரிலேயே ஹீட்டரை அமைத்து 9,500 வாட் வரை போடுகிறார்கள். 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் அதற்கு 10 சதுர மி.மீ. கேபிளை மெயின் பெட்டியிலிருந்து தனியே கொண்டுபோவது அங்கு வழக்கம்.

நம் வீடுகளில் விளக்கு, மின்விசிறிக்குப் போட்ட மெல்லிய லைனிலிருந்தே ஹீட்டருக்கும் ஒரு கிளை எடுத்துவிடுகிறார்கள். ஒயர் சுவருக்குள் சூடேறி, மேல் பூச்சு காய்ந்து வெடித்து, இணைப்பில் பொறி பறக்கும். கீழே சாக்கும் எண்ணெயும் இருக்கின்றன. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பி கட்டுவது, எடை குறைகிறதென்று படிக்கல்லை மாற்றுகிற வேலை.

மெயின் பெட்டியிலிருந்து ஹீட்டருக்கென்று தனி லைன் போட வேண்டும். 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி.; 3,000 வாட்டுக்கு 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேலென்றால் உரிமம் பெற்ற வயர்மேன் தூரத்தையும் பார்த்துச் சொல்லட்டும். ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, இரண்டு கம்பியையும் ஒருசேரத் துண்டிக்கும் வகையில் இருக்க வேண்டும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஒயரைத்தான் காக்கும். ஈரக் கையோடு குழாயைத் தொடும் மனிதரைக் காப்பது எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும். முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். அடிக்கடி விழுகிறதென்று அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைக்கச் சொல்பவர்களும் உண்டு. விழுவதற்குக் காரணம் எங்கோ கசிவு இருப்பதுதான். அதைத் தேடச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். பிறகு குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியிருப்பார்கள். எர்த் அன்றோடு போயிற்று. கம்பி மட்டும் பார்வைக்கு இருக்கும். தோட்டத்தில் கரியும் உப்பும் இட்ட எர்த் குழி உள்ளவர்கள் கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று. மாடி வீட்டு ஹீட்டரைக் கடை மீட்டரிலும், கடை ஃப்ரீசரை வீட்டு மீட்டரிலும் மாற்றி இணைக்காதீர்கள். இரண்டுக்கும் கட்டண விகிதம் வேறு; வீட்டு இணைப்பைக் கடைக்குப் பயன்படுத்தினால் அபராதம் வரும். ஹீட்டர் வாங்குமுன் வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று மின்கட்டண அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். போதவில்லையென்றால் கூடுதல் லோடுக்கு முதலில் மனுக் கொடுத்துவிடுங்கள்.