பழம் காத்திருக்காது

மேசைமேல் பொருள்களை அடுக்கி வைத்து வரைவதை ஓவிய வகுப்பில் ‘ஸ்டில் லைஃப்’ என்பார்கள். அசையாதது என்று சொல்லும் அந்தப் பெயர் கூஜாவுக்குப் பொருந்தும், பழத்துக்குப் பொருந்தாது. இன்று காம்படியில் பச்சை மாறாத நேந்திரம்பழம் இரண்டு நாளில் முழு மஞ்சளாகும், பிறகு தோலில் கரும்புள்ளி விழும். நறுக்கிய ஆப்பிளோ சில நிமிடங்களிலேயே பழுப்பேறுகிறது; செல்கள் உடைந்ததும் அவற்றிலுள்ள நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து செய்யும் வேலை அது. ஓவியர் காரவாஜியோ 1600-ஐ ஒட்டி வரைந்த பழக்கூடையில் (மிலானின் அம்ப்ரோசியானா ஓவியக்கூடத்தில் இருக்கிறது) ஆப்பிளில் புழுத்துளையும் உண்டு, வாடிய இலையும் உண்டு. சட்டென்று காய்ந்துவிடுவதை அக்ரிலிக் வண்ணத்தின் குறையாகச் சொல்வது வழக்கம். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பழத்தை வரைகிறவருக்கு அதுதான் அதன் பெரிய வசதி.

எண்ணெய் வண்ணம் ஆக்சிஜனை உள்வாங்கி மெல்ல இறுகுவது. அடுத்த பூச்சுக்கு நாள்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும். 1950-களில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த நீர்க்கலவை அக்ரிலிக்கில், நிறமியோடு நுண்ணிய பாலிமர் துகள்கள் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் அவை நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன. பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. மெல்லிய பூச்சு என்றால் அரைமணி நேரத்துக்குள் அடுத்ததைப் பூசலாம்.

ஈரத்தில் இழைக்காமல் ஆரஞ்சின் உருட்சி எப்படி வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அந்த இழைப்பு எண்ணெயில் எளிது. அக்ரிலிக்கில் நீர்த்த பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித்தான் உருட்சியைக் கொண்டுவர வேண்டும். தொடக்கத்துக்கு விளிம்பு கட்டிய நேந்திரம்பழம் நல்லது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிறம் போதும். அதன் நிழலில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பச்சை தட்டி, பழுத்தது காயாகிவிடும். காய்ந்த மஞ்சளின்மேல் ஊதாவை நீர்க்கப் பூசினால், கீழுள்ள மஞ்சள் கலங்காமல் நிறம் மட்டும் அடங்கும். ஈர மஞ்சளில் இதைச் செய்தால் இரண்டும் குழம்பிச் சேறாகும்.

காய்ந்தபின் நிறம் சற்றுக் கருக்கிறது என்ற புகாரும் உண்மைதான். ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும் பாலிமர், காய்ந்ததும் கண்ணாடியாகத் தெளிவதால் வருவது அது. கலவையை ஒரு துண்டுத்தாளில் தீற்றி, காயவிட்டுப் பார்த்துக்கொண்டால் தீர்ந்தது. கரும்புள்ளிகளை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அதற்குள் பழத்தில் இன்னும் இரண்டு கூடியிருக்கும்.