செவித்துணைக் கருவிக்கு மாற்றாகுமா இயர்பட்?

செவிப்புலன் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, மறுவாழ்வு உதவி தேவைப்படும் அளவிற்குச் செவித்திறன் குறைந்தவர்கள் உலகில் 43 கோடிப் பேர். செவித்துணைக் கருவியால் பயன்பெறக் கூடியவர்களுள் உண்மையில் அதனை அணிபவர்கள் 17 விழுக்காட்டினர் மட்டுமே. இந்தியாவில் இக்குறைபாடு உடையோர் ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் பேர் என அந்நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பார்வை மங்கியவர் கண்ணாடி அணிவதை யாரும் வியப்புடன் நோக்குவதில்லை. காதில் கருவி அணிவதோ இன்றும் முதுமையின் அடையாளமாகவும் ஊனத்தின் அடையாளமாகவும் கருதப்படுகிறது. விலையோடு இந்தக் கூச்சமும் சேர்ந்தே பலரைக் கருவியிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

இளைஞர் முதல் முதியோர் வரை கூச்சமின்றி அணியும் இயர்பட், இவ்விடத்தில்தான் கவனத்தை ஈர்க்கிறது. 2024 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் புரோ 2 என்னும் இயர்பட்டைச் செவித்துணைக் கருவியாக இயங்கச் செய்யும் மென்பொருளுக்கு அனுமதி அளித்தது. லேசான அல்லது மிதமான செவித்திறன் குறைவை உணரும் 18 வயது நிரம்பியோருக்கு மட்டுமே இவ்வனுமதி பொருந்தும். 118 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், தாமே கருவியைச் சீரமைத்துக் கொண்டவர்களும் வல்லுநரைக் கொண்டு சீரமைத்துக் கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு பயனை உணர்ந்ததாகத் தெரிய வந்தது. மருத்துவச் சீட்டின்றிச் செவித்துணைக் கருவிகளைக் கடையில் வாங்குவதற்கு வழிசெய்யும் விதி அந்நாட்டில் 2022 அக்டோபர் 17 முதலே நடைமுறைக்கு வந்திருந்தது.

ஒலி கேட்கிறது, சொல் புரிவதில்லை

முதுமையில் ஏற்படும் செவித்திறன் குறைவு எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. உட்செவியின் நத்தை எலும்பிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் நலிவடையும்போது, உயர் அதிர்வெண் ஒலிகளை உணரும் செல்களே முதலில் செயலிழக்கின்றன. இழந்த செல்கள் மனிதரிடத்தில் மீண்டும் வளர்வதில்லை. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் உரக்க ஒலிப்பவை. ஸ, ஷ, ஃப போன்ற மெய்யொலிகள் உயர் அதிர்வெண்ணில் மென்மையாக ஒலிப்பவை. எனவே பேசுவது காதில் விழுகிறது. என்ன பேசப்பட்டது என்பது பிடிபடுவதில்லை. வீட்டிலிருப்போர் உரத்துப் பேசினால், “ஏன் கத்துகிறாய்?” என்று முதியவர் சினந்து கொள்வதும் இதனால்தான். மெல்லிய ஒலி கேளாத அச்செவிக்கு உரத்த ஒலி இயல்பினும் மிகுதியாகவே உறைக்கிறது.

ஆகவே எல்லா ஒலியையும் ஒன்றுபோல் பெருக்கும் கருவியால் பயன் குறைவு. நல்ல செவித்துணைக் கருவி ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, குறைவு உள்ள பட்டையை மட்டும் தேவையான அளவு பெருக்குகிறது. மெல்லிய ஒலியை மிகுதியாகவும் உரத்த ஒலியைச் சிறிதளவும் உயர்த்துகிறது. எவ்வளவு என்பதை ஆடியோகிராம் எனப்படும் செவித்திறன் வரைபடம் முடிவு செய்கிறது. இரைச்சலை நீக்குவதற்கும் வெளியொலியை உள்ளே விடுவதற்குமாக இயர்பட்டில் பொருத்தப்பட்ட ஒலிவாங்கிகளும் கணிப்புச் சில்லும் இவ்வேலைக்குப் போதுமானவையே. புதிதாகத் தேவைப்பட்டது மென்பொருள்தான்.

இரு துறைகளுக்கும் இடையிலான இந்த உறவு பழையது. டிரான்சிஸ்டர் முதன்முதலில் பொதுமக்கள் கைக்கு வந்தது வானொலிப் பெட்டி வழியாக அன்று. 1952ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த செவித்துணைக் கருவி ஒன்றிலேயே அது இடம்பெற்றது. டிரான்சிஸ்டர் வானொலி 1954இல்தான் விற்பனைக்கு வந்தது. அன்று செவிக்கருவியிலிருந்து பொழுதுபோக்குச் சாதனத்திற்குச் சென்ற நுட்பம் இன்று எதிர்த்திசையில் திரும்பி வந்திருக்கிறது.

செயல்திறன் பற்றிய சான்றும் ஓரளவு உண்டு. தைவான் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், லேசான மற்றும் மிதமான குறைபாடுடைய 21 பேர் இயர்பட்டையும் செவித்துணைக் கருவிகளையும் மாறி மாறி அணிந்தனர். அமைதியான அறையில் ஏர்பாட்ஸ் புரோ அக்கருவிகளோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. இரைச்சல் பக்கவாட்டிலிருந்து வந்தபோதும் உயர்விலைக் கருவிக்கு அது சளைக்கவில்லை. முன்புறமிருந்து வந்தபோது பின்தங்கியது. பங்கேற்றோர் தொகை சிறியதாகையால் இம்முடிவை அதற்குரிய அளவில் மட்டுமே கொள்ள வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் வேறுபாடுகள் தெளிவானவை. செவித்துணைக் கருவி காலை முதல் இரவு வரை அணிவதற்காக அமைந்தது. அதன் துத்தநாக-காற்று மின்கலம் பல நாட்கள் உழைக்கும். இயர்பட்டோ சில மணி நேரத்திலேயே மின்னேற்றத்திற்குக் காத்திருக்கும். காதுக் குழாயை அடைப்பதால் அணிபவருக்குத் தம் குரலே உள்ளிருந்து முழங்குவது போலத் தோன்றலாம். மேலும், காதில் இயர்பட் அணிந்திருப்பவரைக் கண்டால், அவர் பாட்டுக் கேட்பதாக எண்ணி எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவதும் உண்டு. கூச்சத்தைப் போக்கிய அதே தோற்றமே இங்கு இடையூறாகிறது.

சட்டம் தொடங்கும் இடம்

இந்திய நிலைமையில் இச்சாதனத்தின் இடத்தை உணர, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பேச்சு அதிர்வெண்களில் இரு செவிகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உடையவரை அச்சட்டம் செவித்திறன் குறைந்தவர் என்கிறது. 70 டெசிபல் இழப்பு உடையவர் காது கேளாதவர். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் லேசான குறைபாடு 20 டெசிபலில் தொடங்குகிறது; மிதமான குறைபாடு 35இல் தொடங்கி 50இல் முடிந்துவிடுகிறது. அதாவது, இயர்பட் உதவக்கூடிய எல்லை முடிந்த பின்னரே சட்டத்தின் எல்லை தொடங்குகிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்ற பேச்சு பெரும்பாலும் இந்த எண்களைக் கவனியாமல் எழுவதே.

1981ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் உதவி உபகரணங்கள் வழங்கும் ஏடிப் திட்டமும், கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அலிம்கோ நிறுவனத்தின் உற்பத்தியும் கடுமையான குறைபாடு உடைய ஏழை மக்களை எண்ணி அமைந்தவை. அவர்களுக்கு இயர்பட் எவ்வகையிலும் போதாது. அதன் ஒலி ஆற்றல் அங்கு எட்டாது. 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தின் கீழ் ஏழை முதியோருக்குச் செவித்துணைக் கருவியும் வழங்கப்படுகிறது. இவ்விரு திட்டங்களுக்கும் வெளியே எஞ்சுபவர் ஓய்வூதியத்தில் வாழும் முதியவரும், வகுப்பில் பின்வரிசை மாணவரின் கேள்வி காதில் விழாத ஆசிரியருமே. சான்றிதழ் பெறும் அளவிற்கு இவர்களது குறைபாடு பெரிதன்று. பொருட்படுத்தாமல் விடும் அளவிற்குச் சிறிதுமன்று.

இவர்களுக்கும் செலவு எளிதன்று. அனுமதி பெற்ற இயர்பட்டின் விலை 2024இல் சுமார் 25,000 ரூபாயாக இருந்தது. அதனைச் சீரமைக்க அதே நிறுவனத்தின் தொலைபேசியோ பலகைக் கணினியோ வேண்டும். செவித்துணைக் கருவிக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. இயர்பட்டிற்கு 18 விழுக்காடு. ஆண்ட்ராய்டு தொலைபேசிகளுக்குக் கூகுள் 2019இல் அளித்த சவுண்ட் ஆம்ப்ளிஃபையர் செயலி கட்டணமற்றது; கம்பியுள்ள சாதாரண இயர்போனோடும் இயங்கும். தொலைபேசியைப் பேசுபவர் அருகே வைத்தால் அதன் ஒலிவாங்கி சொற்களை நெருக்கத்தில் வாங்கித் தருகிறது. இது மருத்துவக் கருவியன்று. ஆயினும் கூடத்தில் அமர்ந்து உரையாட, தொலைக்காட்சி பார்க்க உதவும்.

2024ஆம் ஆண்டின் இறுதியில், ஆப்பிள் நிறுவனத்தின் செவித்துணை வசதி இந்தியாவில் திறக்கப்படாதிருந்தபோது, பெங்களூரு இளைஞர் சிலர் அலுமினியத் தாளும் செம்பு வலையும் கொண்டு மின்காந்த அலை புகாத கூண்டு ஒன்றை அமைத்தனர். தாம் அமெரிக்காவில் இருப்பதாகச் சாதனத்தை நம்பவைத்துத் தம் பாட்டிமாரின் இயர்பட்டுகளில் அவ்வசதியை இயக்கினர். தேவை இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் எல்லாப் பாட்டிமார்க்கும் அத்தகைய பேரப்பிள்ளைகள் வாய்ப்பதில்லை.

முதலில் காதைப் பார்க்க வேண்டும்

நம் நாட்டில் செவித்திறன் குறைவதற்குக் காதுக் குறும்பியும் நாள்பட்ட சீழ் வடிதலும் முக்கிய காரணங்கள். குறும்பியை அகற்றினாலே பலருக்குக் கேட்கும். சீழ் வடியும் காதில் இயர்பட்டைச் செருகுவது நோயை வளர்ப்பதாகும். மூன்று நாட்களுக்குள் திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தாலோ, ஒரு காதில் மட்டும் குறைந்தாலோ, தலைச்சுற்றல் உடனிருந்தாலோ காது மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்ல வேண்டும். திடீர் இழப்பிற்கு மருந்து பயன்தரும் காலம் குறுகியது. குழந்தைகளுக்கு இயர்பட் அறவே பொருந்தாது. பிறந்தவுடன் பரிசோதனையும், உரிய காலத்தில் கருவியோ காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை மருத்துவமோ அவர்களுக்குத் தேவை.

காது கேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டிற்கான தேசியத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் செவித்திறன் பரிசோதனைக்குக் கருவிகளையும் பணியாளரையும் அமர்த்துவதை நோக்கமாகக் கொண்டது. அங்கு எடுக்கப்படும் ஆடியோகிராமின் படியொன்றைப் பரிசோதனைக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்புவது செலவில்லாத காரியம். ஐபோன் வைத்திருப்பவர் அத்தாளைப் புகைப்படம் எடுத்துத் தொலைபேசியில் பதிந்துகொண்டால், இயர்பட் அதற்கேற்ப ஒலியைத் திருத்திக் கொள்கிறது. செவித்துணைக் கருவி வாங்க முற்படுபவருக்கும் தேவைப்படுவது அதே தாள்தான்.