நாளங்காடியும் பங்கங்காடியும்

பொழுதைப் பகுத்து வாழ்ந்தவர் தமிழர். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகளை வகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய ஒழுக்கத்தையும் தொழிலையும் அமைத்துக் கொண்டனர். (எற்பாடு என்பது கதிரவன் சாயும் பொழுதா, தோன்றும் பொழுதா என்னும் வழக்கு நெடியது; அதனை இங்கே திறந்தால் கட்டுரை வேறு திசையில் போய்விடும்.) வாணிகமும் பொழுதுக்குக் கட்டுப்பட்டே நிகழ்ந்தது. மதுரைக்காஞ்சி நாளங்காடியை வேறாகவும் அல்லங்காடியை வேறாகவும் காட்டுவது இதனாலேயாம்.

இப்பகுதியை நான் வகுப்பில் நடத்திக் கொண்டிருந்த ஒரு நாளில், கடைசி வரிசை மாணவர் ஒருவர் மேசைக்கு அடியில் கைப்பேசியை நோக்கியவாறு இருந்தார். வகுப்பு முடிந்ததும் அழைத்துக் கேட்டேன். தேர்வுக் கட்டணத்திற்கென வீட்டார் தந்த பணத்தைக் காலை ஒன்பதே காலுக்குப் பங்கு வணிகத்தில் இட்டு, பத்து மணிக்குள் மூன்றில் ஒரு பகுதியை இழந்திருந்தார். "காலையில்தான் வியாபாரம் சூடாக நடக்கும் என்றார்கள், ஐயா" என்றார். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அச்சூடு எதனால் எழுகிறது, அதில் யார் குளிர் காய்கின்றனர் என்பதைத்தான் சொல்லவில்லை. நான் தமிழ் கற்பிப்பவன். வாணிகவியல் துறை நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெளிந்தவற்றை மாணவர்க்காக இங்கே தொகுத்துரைக்கிறேன்.

இந்தியப் பங்குச் சந்தையின் வழக்கமான வணிக நேரம் காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை என 2010ஆம் ஆண்டு முதல் அமைந்தது. இந்த ஆறே கால் மணி நேரமும் வணிகம் ஒரே அளவாக நடப்பதில்லை. கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையைக் கோடாக வரைந்தால் நம் 'ப' என்னும் எழுத்தே கிடைக்கும். தொடக்கத்தில் உயரம், நண்பகலில் தாழ்வு, இறுதியில் மீண்டும் உயரம். நியூயார்க் சந்தையின் விலைகளை நிமிடம் நிமிடமாக ஆராய்ந்த வுட், மெக்கினிஷ், ஆர்ட் ஆகிய மூவர், விலையின் ஏற்றத்தாழ்வும் இவ்வாறே நாளின் இரு முனைகளிலும் மிகுவதை 1985இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். நம் ஊர்ப் பீங்கான் சூளையில் வெப்பம் நடுவில் உச்சம் கொள்ளும். தொடக்கமும் முடிவும் தணிந்திருக்கும். பங்கங்காடியோ இதற்கு நேர் எதிரான சூளை.

காலை உயரத்திற்குக் காரணம் இரவு. நம் சந்தை பிற்பகலில் மூடிய பின்னர்ப் பல நிறுவனங்கள் தம் வரவு செலவு முடிவுகளை வெளியிடுகின்றன. நாம் உறங்கும் வேளையில் அமெரிக்கச் சந்தை நடந்து முடிகிறது. விடிந்ததும் டோக்கியோ திறந்துவிடுகிறது. இவ்வாறு பதினேழு பதினெட்டு மணி நேரத்துச் செய்திகள் அனைத்தும் ஒரே கதவின் முன் திரண்டு நிற்கின்றன. கதவு திறந்ததும் நேர்வது நெரிசல்.

அந்நெரிசலை ஒழுங்குபடுத்தவே 2010 அக்டோபர் 18 முதல் காலை 9.00 தொடங்கிப் பதினைந்து நிமிட முன் அமர்வு ஒன்றை ஏற்படுத்தினர். அதனை விளக்க நம் விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமே போதும். விடியலிலேயே நெல்லும் மணிலாவும் எள்ளும் உளுந்தும் வந்து இறங்கும். வியாபாரிகள் குவியலைக் கையால் அள்ளிப் பார்த்து, தாம் தரும் விலையைச் சீட்டில் எழுதி இடுவர். ஒருவர் எழுதியது மற்றவர்க்குத் தெரியாது. சீட்டுகள் யாவும் சேர்ந்த பின்னரே விலை அறிவிக்கப்படும். மறைமுக ஏலம் எனும் இம்முறை இன்று மின்னணு வழிக்கும் மாறி வருகிறது. முன் அமர்விலும் கோரிக்கைகளை முதலில் திரட்டி, எந்த விலையில் மிகுதியான பங்குகள் கைமாறக் கூடுமோ அதனையே தொடக்க விலையாக அறிவிக்கின்றனர். ஒரு வேறுபாடு உண்டு. நம் கூடத்தில் குவியலுக்கு ஒரு விலை. அங்கே ஒரு நிறுவனத்தின் பங்குகள் அனைத்துக்கும் ஒரே விலை. மற்றபடி, தனித்தனியே பேரம் பேசாமல் கேள்விகளைச் சேர்த்து விலை காணும் நெறி இரண்டிற்கும் பொது.

ஆயினும் 9.15க்குப் பின்னும் சிறிது நேரம் விலை நிலைகொள்ளாது. வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் இடைவெளி அகன்றிருக்கும். ஒரு பங்கை வாங்குவோர் 100 ரூபாய்க்குக் கேட்க, விற்போர் 100 ரூபாய் 60 காசு சொல்கின்றனர் எனக் கொள்வோம். விலை வரம்பு குறிக்காமல் வாங்கியவர் அடுத்த நொடியே விற்றால் பங்குக்கு 60 காசு இழப்பார். தரகும் வரியும் வேறு. நண்பகலில் அதே இடைவெளி 10 காசாகச் சுருங்கலாம். நம் மாணவர் கூட்டத்தைக் கண்டார், இவ்விடைவெளியைக் காணவில்லை.

கூட்டம் ஏன் ஒரே வேளையில் கூடுகிறது? அட்மாட்டி, பிளைடரர் என்னும் இரு பொருளியல் அறிஞர் 1988இல் இதற்கொரு விளக்கம் தந்தனர். பெருந்தொகைக்கு வாங்கவோ விற்கவோ வேண்டியவர், தம்மால் விலை அசையாதிருக்கக் கூட்டம் மிக்க வேளையை நாடுவர். உள்விவரம் அறிந்தவரும் தம் அடையாளம் தெரியாதிருக்க அக்கூட்டத்திலேயே கலந்து நிற்பர். ஆகவே கூட்டமே கூட்டத்தை அழைக்கிறது. ஒன்றும் அறியாத சிறு முதலீட்டாளர் அந்நெரிசலில் எவரோடு தோள் உரசி நிற்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நண்பகல் மந்தத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. இலண்டன் சந்தை கோடையில் நம் 12.30க்கும் குளிர்காலத்தில் 1.30க்கும் திறக்கும்போது சற்று அசைவு தெரியும். டோக்கியோவிலும் ஹாங்காங்கிலும் உணவு இடைவேளை உண்டு. பாகிஸ்தான் பங்குச் சந்தை வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்காக வணிகத்தை இரு அமர்வுகளாகப் பிரிக்கிறது. இடைவேளை உள்ள இடங்களில் ஒரு 'ப' இரண்டு 'ப' ஆகிவிடும்.

பிற்பகல் உயரத்திற்கு வேறு காரணங்கள். நெடுங்காலமாக ஒரு பங்கின் முடிவு விலை என்பது கடைசியாக நடந்த விற்பனையின் விலையன்று. இறுதி அரை மணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரி. பரஸ்பர நிதிகள் தம் சொத்து மதிப்பை முடிவு விலை கொண்டே கணக்கிடுவதால், அவ்வேளையில் வாங்க முனைகின்றன. மேலும், அன்றே வாங்கி அன்றே விற்போர் மாலைக்குள் கணக்கை நேர் செய்தாக வேண்டும். செய்யாவிடில் ஏறக்குறைய 3.20 அளவில் தரகு நிறுவனமே விற்றுவிடும். விருப்பமின்றி விற்கப்படும் பங்குகளும் அவ்வுயரத்தில் அடங்கும்.

இவ்வாறு ஒரே நாளில் வாங்கி விற்கும் தனிநபர்களுள், 2022-23ஆம் நிதியாண்டில் 10 பேரில் 7 பேர் இழப்படைந்தனர் என்று செபி எனப்படும் பங்குப் பரிவர்த்தனை வாரியம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. முப்பது வயதுக்கு உட்பட்டோரில் அவ்விகிதம் நூற்றுக்கு 76. நம் மாணவரின் வயது பத்தொன்பது.

இந்த ஒழுங்கு ஒருமுறை நிலைகுலைந்தது. 2021 பிப்ரவரி 24 அன்று தொழில்நுட்பக் கோளாற்றால் தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40க்கு வணிகம் நின்றது. மீண்டும் தொடங்குமா என அறியாத தரகர்கள் பலர், வழக்கமான முடிவு வேளை நெருங்கியதும் வாடிக்கையாளர் பங்குகளை மும்பைச் சந்தை வழியே முடித்துவிட்டனர். பின்னர்த்தான் 3.45 முதல் 5 மணி வரை நேரம் நீட்டிக்கப்பட்டது. காத்திருந்தவர்க்கு ஒரு விலை. முடிக்கப்பட்டவர்க்கு வேறொரு விலை.

அம்மாணவரின் தேர்வுக் கட்டணக் குறையைத் துறை ஆசிரியர்கள் சேர்ந்து செலுத்தினோம். இப்போது அவர் முதல் வரிசையில் அமர்கிறார். வகுப்பு முடியும் வரை அவருடைய கைப்பேசி என் மேசை மேல் இருக்கும்.