கார்பன் முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுப்போமா?

பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குவது நம் குடும்பங்களில் பழகிப்போன ஒன்று. சில நாடுகளில் பொருட்களின் மீது இன்னொரு முத்திரையும் வருகிறது. அந்தப் பொருளால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று சொல்லும் ‘கார்பன் முத்திரை’ அது. ஹலால் முத்திரை ஆம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். கார்பன் முத்திரை பெரும்பாலும் ஓர் எண்ணைத் தருகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது கூடுதலா, குறைவா என்று புரியும்.

2007-இல் பிரிட்டனில் ‘கார்பன் டிரஸ்ட்’ இதைத் தொடங்கியது. வாக்கர்ஸ் சிப்ஸ் பாக்கெட்டில் ‘75 கிராம்’ என்று அச்சிட்டார்கள். உருளைக்கிழங்கு விளைவது முதல் காலி பாக்கெட் குப்பைக்குப் போவது வரையிலான கணக்கு அது. டெஸ்கோ நிறுவனமும் தன் கடைகளில் உள்ள சுமார் 70,000 பொருட்களுக்கும் முத்திரை இடுவதாக அறிவித்தது. ஆனால், ஒரு பொருளைக் கணக்கிடவே மாதக்கணக்கில் ஆனது. மற்ற கடைகளும் பின்தொடரவில்லை. 2012-இல் டெஸ்கோ அதைக் கைவிட்டது.

சரி, மக்கள் இதற்காகக் கூடுதல் விலை கொடுப்பார்களா? கேட்டால் பலரும் ‘கொடுப்போம்’ என்பார்கள். கடையில் நடப்பது வேறு. ஆஸ்திரேலியாவில் ஒரு மளிகைக் கடையில் 37 பொருட்களுக்குப் பச்சை, மஞ்சள், கறுப்பு முத்திரைகள் ஒட்டி, மூன்று மாத விற்பனையைக் கவனித்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. வாயு அதிகமான கறுப்பு முத்திரைப் பொருட்களின் விற்பனை 6 சதவீதம் குறைந்தது. பச்சை முத்திரைப் பொருட்களின் விற்பனை 4 சதவீதம் கூடியது. பச்சை முத்திரைப் பொருளே விலையும் மலிவாக இருந்த இடங்களில் மட்டும் 20 சதவீத விற்பனை கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்தின் மீது இந்தச் சுமையை ஏற்றுவது நியாயமும் அல்ல, பலனும் தராது. தயாரிப்பாளர் கணக்குப் பார்த்தாலே வீண் செலவு வெளிப்படும். வாக்கர்ஸ் எடைக்கு விலை கொடுத்ததால், விவசாயிகள் கிழங்கின் ஈரம் குறையாதபடி கிடங்கில் வைத்திருந்தார்கள். அந்த ஈரத்தைப் பொரித்துப் போக்க ஆலையில் கூடுதல் எரிபொருள் செலவானது. கார்பன் கணக்கு எடுத்தபோதுதான் இது தெரியவந்தது.

எனவே ஒரே விலையில் இரண்டு பொருட்கள் இருந்தால், வாயு குறைவானதை நாம் எடுப்போம். விலை கூட்டிக் கேட்டால், எரிபொருளில் மிச்சமானது எங்கே போனது என்று கேட்போம்.